வெள்ளைபடும் நாட்கள்

போடியில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் பொற்கொடி வந்து சேர்ந்தபோது கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. தூக்குவாளியும் பிளாஸ்டிக் படுதாவும் தலைக்கு மடித்த துண்டுமாகப் பெண்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தேய்த்த சுடிதாரும் தோளில் கைப்பையுமாக ஒருத்தி நின்றால் கேட்காமல் விடுவார்களா?

“யாருத்தா நீ? ஆபீசுக்குப் போற பிள்ளை கணக்கா இருக்க. மலையில என்ன சோலி உனக்கு?” என்றாள் பின்சீட்டில் இருந்த ஜோதி. நாற்பது வயதிருக்கும். அந்த ஜீப்பில் வாய் என்றால் அவள் வாய்தான்.

“வீட்டுக்காரரப் பாக்கணும்க்கா. பூப்பாறைக்கு அங்கிட்டு எஸ்டேட்டு ஸ்டோர்ல இருக்காரு. சுருளின்னு.”

“அடுப்புக்காரச் சுருளியா? அவுக பொண்டாட்டியா நீயி? ஏத்தா, ஆளு அடுத்த வாரம் எறங்கிருவாருல்ல?”

“அவசரம்க்கா.”

ஜோதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். “தள்ளி உக்காருங்கடி. அடுத்த வாரம் வரைக்கும் தாங்காதாம். அவசரக்காரிக்கு எடம் விடுங்க.”

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் வெள்ளைத்துரை கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டு கம்பியைப் பிடித்தாள். அவர்கள் விளையாட்டுக்குச் சொன்னது அப்படியே உண்மை. அவளுக்கு அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது. நாளைக்கு மறுநாள் வரைக்கும்கூடத் தாங்காது. நேற்று இரவு மண்டியில் வேலை முடிந்து வந்து குளிக்கப் போனபோது தெரிந்தது. உடனே சுருளிக்குப் போன் போட்டாள். “அடுப்பு எரியுது, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டான். மறுபடி போட்டபோது சிக்னல் இல்லை. இந்த முறை தப்பினால் அடுத்த முறை மாசி தாண்டித்தான் வரும். மாசியில் அவளுடைய வாழ்க்கையைப் பற்றிக் குலசாமி கோயிலில் வைத்துப் பேசி முடிக்கப் போகிறார்கள்.

பொற்கொடிக்கு ராசிங்காபுரம். புகுந்த வீடும் அதே ஊரில், நாலு தெரு தள்ளி. அப்பா மொக்கச்சாமிக்குச் சோளம் போடும் அளவுக்குக் கொஞ்சம் நிலம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையை மொக்கச்சாமி இப்போதும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். விலங்கியல் படித்தாள். தவளையின் உடம்பைப் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். பத்தாம் வகுப்பில் மனித இனப்பெருக்கப் பாடம் வந்த அன்று டீச்சர் அந்தப் பக்கங்களைக் கொத்தாகப் புரட்டித் தள்ளிவிட்டு, “இதை வீட்ல படிச்சுக்கங்க” என்றார். வீட்டில் யார் படிப்பது? காலேஜில் சுரப்பிகளின் பெயர்களும் ஹார்மோன்களின் பெயர்களும் மனப்பாடமாக வந்தன. அதெல்லாம் தன் அடிவயிற்றுக்குள் மாதாமாதம் நடப்பது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தேர்வுக்குப் படித்தது தேர்வோடு போயிற்று.

படிப்பு முடிந்து போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் பில் போடும் வேலை கிடைத்தது. அடுத்த வருடமே சுருளிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் மலையில் ஓர் எஸ்டேட்டின் ஸ்டோரில் இருந்தான். பறித்து வரும் பச்சைக் காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி, கீழே விறகடுப்பு எரித்து, அந்தச் சூடு குழாய் வழியாக அறைக்குள் ஓட, ஒரு பகலும் ஓர் இரவும் வாட்டி எடுக்கிற வேலை. சூடு குறைந்தால் காய் வெளுக்கும், ஏறினால் வெடிக்கும். அதனால் அடுப்பை விட்டு நகர முடியாது. காய் எடுக்கும் பருவத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இறங்குவான். ஒன்றிரண்டு இரவு வீட்டில் தங்கிவிட்டு, விடிகாலை ஜீப்பில் ஏறிவிடுவான்.

முதல் வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் தெருவே கேட்டது.

அவளுக்கு மாதவிடாய் நாற்பது நாளை ஒட்டித்தான் வரும். வயதுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் அவள் பார்த்த புத்தகத்திலும், போனில் இறக்கி வைத்திருந்த செயலியிலும் இருபத்தெட்டு என்று இருந்தது. அதுதான் சரி, மற்றதெல்லாம் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். அதனால் ஒவ்வொரு முறையும் இருபத்தெட்டைத் தாண்டிய மறுநாள் காலையில் அவளுக்குள் ஒரு விளக்கு எரியும். நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாமியார் ஜக்கம்மாள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடமாட்டாள். பப்பாளி வீட்டுக்குள் வராது. பத்துப் பன்னிரண்டு நாள் அவள் அந்த வீட்டில் ராணி. பிறகு ஒரு விடியற்காலையில், பாவாடையில் ஈரம் பட்டு எழுந்து உட்காருவாள். கொல்லைப்பக்கம் போய் அழுது, முகம் கழுவி, உள்ளே வந்து, “தலைக்கு ஊத்தணும் அத்தே” என்பாள்.  ஜக்கம்மாள் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைக்கும் சத்தம் மட்டும் ‘ணங்’ என்று கேட்கும்.

ஒருமுறை சுருளி அவசரப்பட்டு எஸ்டேட்டில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டான். இரண்டு நாளில் விஷயம் தெரிந்தது. அடுத்த தடவை இறங்க வேண்டிய நாளில் அவன் இறங்கவில்லை. “காய் நெறைய கெடக்கு” என்று போனில் சொன்னான்.

அந்த வீட்டில் நடந்த பெரிய தப்பு வேறொன்று. மாதத்தில் சில நாட்கள் அவளுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழவழப்பாகப் படும். விரலில் எடுத்தால் நூலாக நீளும். கல்யாணமான புதிதில் பயந்துபோய் ஜக்கம்மாளிடம்தான் சொன்னாள்.

“வெள்ளைபடுது ஆத்தா அது. எலும்பு உருகி எறங்குறது. உனக்குச் சூட்டு ஒடம்பு” என்றாள் ஜக்கம்மாள். “இது படுற நாள்ல புருசன் பக்கம் போயிராத. இருக்க சத்தும் வத்திப்போகும். பெறகு கரு எங்குட்டுத் தங்கும்?”

அன்றிலிருந்து அந்த நாட்களில் ஊறவைத்த வெந்தயம், சோற்றுக்கற்றாழை, நல்லெண்ணெய்க் குளியல். பாய் ஜக்கம்மாளின் பக்கத்தில். அந்த நாட்களில் சுருளி இறங்கி வந்திருந்தால் அவன் கூடத்தில் தனியாகப் படுத்துக்கொள்வான். அவனும் கேள்வி கேட்டதில்லை. மருந்து என்றால் பத்தியம் உண்டுதானே என்று நினைத்துக்கொண்டான். ஜக்கம்மாள் வஞ்சகம் பண்ணிச் சொல்லவில்லை. அவளே ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, இதே வெந்தயமும் கற்றாழையும் தின்று, இதே மாதிரி விலகிப் படுத்து, பிறகு சுருளியைப் பெற்றவள். அவள் உடம்பே அவளுக்கு அத்தாட்சி. ஒன்பது வருடத்தில் எத்தனை வருடம் அந்த வைத்தியத்தாலேயே போயிற்று என்று அவளுக்கு யார் சொல்வது?

பட்டம் வாங்கியவள் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை? பொற்கொடி தன்னையே பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வி இது. பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப்பாதி, அவளுக்கும் அது நோய் என்றே பட்டது. உடம்பிலிருந்து இறங்குவது எதுவாக இருந்தாலும் அசிங்கம் என்றே அவளும் பழகியிருந்தாள். ரத்தம் இறங்கினால் தீட்டு, வெள்ளை இறங்கினால் வியாதி. இரண்டையும் ஒளித்தே துவைத்திருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள், புளி உடைத்துக்கொண்டே ஜக்கம்மாள் பேச்சை எடுத்தாள்.

“மாசிப் பச்சை கும்பிடக் குலசாமி கோயில்ல பங்காளிக எல்லாம் கூடுவாக. கேக்குறவுகளுக்கு ஒரு பதிலு சொல்லணும்ல.”

“என்ன பதிலு அத்தே?”

“எந்தம்பி மக சும்மாதான இருக்கா.” புளியங்கொட்டையை ஒதுக்கினாள். “உன்னைய வீட்ட விட்டுப் போகச் சொல்லலடி. நீயும் இருந்துக்க. நீ தங்கமான பிள்ளை.”

சுருளி அன்று வீட்டில்தான் இருந்தான். வாசல்படியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். பொற்கொடி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகு திரும்பவில்லை.

மார்கழியில், மண்டிச் சோலி என்று பொய் சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தாள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆயிற்று. அடுத்த முறை போனபோது அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?” என்று கேட்டார்.

“நாப்பது நாள் ஆயிருது மேடம். கோளாறுதானே?”

“ஒழுங்கா அதே கணக்குல வருதுன்னா கொஞ்சம் நீளமான சுழற்சி, அவ்வளவுதான். நீ எதை வச்சு நாள் பாத்த?”

“பதினாலாம் நாள்னு…”

“அதான் தப்பு. முட்டை, அடுத்த பீரியடுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வெளிய வரும். இருபத்தெட்டு நாள்காரிக்குப் பதினாலாம் நாள் பக்கம். உனக்கு?”

பொற்கொடி மனதுக்குள் கழித்தாள். “இருபத்தாறு.”

“ம். கொஞ்சம் முன்னப்பின்ன. அதனால நாளை மட்டும் நம்பாத, உடம்பு காட்டும். முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான். ஆம்பளையோட உயிரணு உள்ள நாலஞ்சு நாள் உயிரோட இருக்கும். அதுக்கு ஒரு ஈரம் வேணும். அந்தச் சமயத்துல வழவழன்னு, தெளிவா, நூல் மாதிரி இழுபடும். பாத்திருக்கியா?”

பொற்கொடி நாற்காலி நுனிக்கு வந்தாள். “அது வெள்ளைபடுறது இல்லையா மேடம்? எலும்பு உருகி…”

“எலும்பாவது உருகுறதாவது! அரிப்பு இருந்தா, நாத்தம் இருந்தா, தயிராட்டம் திரிதிரியாவோ மஞ்சளாவோ வந்தா காட்டு, மருந்து தரேன். இது நோயே இல்லம்மா. வாசல் தெறந்திருக்குன்னு உன் உடம்பு சொல்லுது.”

“அந்த நாள்ல நாங்க தனித்தனியாத்தான் படுப்போம்.”

மருத்துவர் சிரிக்கப்போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “எத்தனை வருசமா?”

“நாலு வருசமா.”

மருத்துவர் பேனாவை எடுத்துக்கொண்டார். “உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?” என்றார். அவள் ஸ்டோர், அடுப்பு, குழாய் எல்லாம் விளக்கினாள். அவர் எழுதிக்கொண்டே, “அவரையும் கூட்டிட்டு வா. விந்துப் பரிசோதனை எடுக்கணும். சூட்டுலயே கெடந்து வேலை பாக்குறவங்கள்ல சில பேருக்கு எண்ணிக்கை குறையலாம். குறையும்னு நான் சொல்லல. டெஸ்ட்டு எடுத்தாத்தான் தெரியும். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி தள்ளி இருக்கணும்” என்றார்.

தள்ளி இருப்பதற்கு எங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பொற்கொடி வெளியே வந்தாள். பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. சுருளி கூடத்தில் புரண்டு படுத்த ராத்திரிகளும், சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வெந்தயத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண் விழித்துக் கிடந்த ராத்திரிகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அதில் எந்த ராத்திரி? எந்த மாதம்? அழுகைகூட வரவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரிந்தால்தானே அழுகை வரும்.

கரு தங்கும் நாளைப் பற்றிச் சுருளியிடம் சொன்னாள். அடுத்த முறை உடம்பு காட்டும்போது வந்துவிட வேண்டும் என்றாள். அவனும் சரி என்றான். பரிசோதனை பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பல தடவை நாக்கு நுனி வரை வந்தது. “ஆம்பளைக்கு எதுக்குடி டெஸ்ட்டு?” என்று ஜக்கம்மாள் யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசியபோது சொன்னது காதிலேயே நின்றது.

ஜீப் முந்தல் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே சமவெளி சிறுத்துக்கொண்டே போயிற்று. ஜோதி வெற்றிலையை மடித்தபடி, “இம்புட்டு வெரசா மலைக்கு வந்த பொண்டாட்டிய நான் பாத்ததே இல்ல. எம்புருசன் ஆசுபத்திரியில கெடந்தப்பக்கூட நான் சாவகாசமாத்தான் போனேன்” என்றாள். பொற்கொடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணில் நீர் கோத்தது. ஜோதி அதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் கேலி செய்யவில்லை. போடிமெட்டுச் செக்போஸ்ட்டில் ஜீப் நின்றபோது தன் தூக்குவாளியிலிருந்த கடுங்காப்பியை மூடியில் ஊற்றி நீட்டினாள். “குடி. குளிருது பாரு.”

ஸ்டோர் தோட்டத்தின் மேட்டில் இருந்தது. தகரக் கூரையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற மலையாளத்து மேஸ்திரி அவளைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார். “எடா சுருளி, வீட்டுல நின்னு ஆளு வந்நிட்டுண்டு!”

சுருளி பதறி ஓடிவந்தான். பனியனும் மடித்துக்கட்டிய கைலியும் வியர்வையில் ஒட்டிக்கிடந்தன. “என்ன புள்ள? ஆத்தாளுக்கு என்னாச்சு?”

“ஆத்தாளுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வாங்க. இன்னைக்கே கீழ போகணும்.”

“என்ன திடுதிப்புன்னு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “சொன்னேன்ல. நாளு வந்திருச்சு.”

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் மேஸ்திரி பக்கம் திரும்பிப் பார்த்தான். காது வரை சிவந்தது. அவளை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். “இதுக்கா மலையேறி வந்த? நாலு பேரு என்ன நெனைப்பாக? காய் உள்ள கெடக்கு புள்ள. நாளைக்கு எறக்கிட்டு வர்றேன்.”

“நாளைக்குன்னா நாளு தப்பிரும்.”

“அப்ப அடுத்த தடவ.”

“அடுத்த தடவ மாசி முடிஞ்சிரும்!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “மாசி முடிஞ்சா அந்த வீட்ல யாரு இருப்பான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல.”

சுருளி குனிந்து ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான். பொறி பறந்தது. பொற்கொடி அந்த இடத்துக்கு வந்து கால் நாழிகைகூட ஆகவில்லை. சுடிதார் முதுகோடு ஒட்டியது, கழுத்து வழியாக வியர்வை ஓடியது, மூச்சு முட்டியது. வெளியே மலைக் குளிர். இங்கே வேறொரு ஊர். அடுப்பு வாய்க்கு எதிரே அவன் உட்காருவதற்கு ஒரு கட்டைப் பலகை. அதன் நடுப்பகுதி அவன் உட்கார்ந்து உட்கார்ந்தே குழிந்திருந்தது. ராத்திரியும் பகலும் அவன் இதன் எதிரேதான் உட்கார்ந்திருந்தான், இத்தனை வருடமாக.

சொல்ல வேண்டும் என்று அவள் முடிவெடுக்கவில்லை. அது தானாக வந்தது.

“டாக்டரம்மா உங்களையும் டெஸ்ட்டு எடுக்கச் சொன்னாக.”

அவன் நிமிர்ந்தான். “எப்ப சொன்னாக?”

“மார்கழியில.”

“இம்புட்டு நாளு மறச்சு வச்சிருக்க.”

“பயந்துக்கிட்டு.”

“எனக்கென்ன கொறைன்னு டெஸ்ட்டு?” கையில் எடுத்த விறகைக் கீழே போட்டான். “என்னைய ஆம்பளை இல்லைங்கிறியா? அதச் சொல்லத்தான் இம்புட்டு தூரம் வந்தியா?”

“ஐயோ, அப்படி இல்லங்க. எனக்கு எடுத்தாக. ஸ்கேன் எடுத்தாக, ஊசி போட்டு ரத்தம் எடுத்தாக. நான் பொம்பளை இல்லைன்னா எடுத்தாக? சூட்டுல வேலை பாக்குற சில பேருக்குக் கொறையலாமாம். சரியா இருந்தாலும் இருக்கலாம். அவுகளுக்கே தெரியாது, எடுத்தாத்தான் தெரியும்.” துப்பட்டாவால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். “நாலு வருசமா நான் மட்டுந்தான் மருந்து தின்னேன். எங்கிட்ட மட்டுந்தான் எல்லாரும் கேட்டாக. ஒருநாளு, ஒரே ஒருநாளு நீங்களும் வந்து அந்தப் பெஞ்சுல என் பக்கத்துல உக்காருங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

சுருளி பலகையில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் முகத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, அதன் அடியில் வேறொன்று தெரிந்தது. அவள் கண்ணாடியில் பார்த்துப் பழகிய அதே பயம்.

“எனக்கு முன்னாடி இங்கன ராமர் அண்ணன் இருந்தாரு” என்றான், தீயிடமே சொல்வது போல. “பன்னெண்டு வருசம் இந்த அடுப்புதான். அவருக்கும் பிள்ளை இல்ல. இந்த எடத்துல ஏதோ இருக்குன்னு தோட்டத்துல பேசிக்கிருவாக. லட்டு குடுத்தேன்ல, அது பொய்யாப் போன அன்னைக்கு ராத்திரி இதைத்தான் நெனைச்சேன். யாருகிட்டயும் சொல்லல.”

“ராமர் அண்ணன் டெஸ்ட்டு எடுத்தாரா?”

“அவரு பொண்டாட்டியத்தான் கூட்டிட்டு அலைஞ்சாரு.”

“அப்ப யாருக்குத் தெரியும்? இந்த எடத்துல ஒண்ணும் இல்ல. நாம தெரிஞ்சுக்கிறாம இருந்ததுதான் தப்பு.”

அவன் எழுந்து வெளியே போனான். மேஸ்திரியிடம் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கை கூப்பியது மட்டும் தெரிந்தது. மேஸ்திரி முதலில் தலையாட்டி மறுத்தார், கத்தினார், முதலாளி பெயரைச் சொன்னார். கடைசியில் காய் கொட்டிக்கொண்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டு அடுப்பைக் காட்டினார்.

சாயங்காலம் அதே ஜீப். ஜோதி உடம்பெல்லாம் ஏலச்செடியின் ஈரமும் மண்ணுமாக ஏறி உட்கார்ந்தாள். சுருளியைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு, “என்னண்ணே, லோடு ஏத்திக்கிட்டா உங்க வீட்டம்மா?” என்று மட்டும் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சுருளியும் ஒப்புக்குச் சிரித்தான்.

பாதி மலை இறங்கியபோது பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். சுருளி அவள் காதருகே குனிந்தான்.

“கொறை எம்மேலன்னு வந்துச்சுன்னா நீ என்ன செய்வ?”

‘என்ன பேச்சு இது, உங்கள விட்டுட்டு எங்க போகப் போறேன்’ என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது பொய்யும் இல்லை. ஆனாலும் வார்த்தை வரவில்லை. கார்த்திகையில் வாசல்படியில் உட்கார்ந்திருந்த முதுகு அவளுக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவே இருந்தது. இரக்கப்பட வேண்டிய நேரத்தில் இப்படிக் கணக்குப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அப்படியும் வாய் இதைத்தான் சொன்னது:

“மொதல்ல நீங்க சொல்லுங்க. கொறை எம்மேலன்னா மாசியில நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

சுருளி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வெளியே பார்த்தான். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. முந்தல் வந்தது, போடியின் வெளிச்சம் வந்தது. 

இறங்கியதும் ஜோதி அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, “வர்றேன்த்தா” என்று போனாள். ராசிங்காபுரம் பஸ் புறப்பட நின்றது. பொற்கொடி ஏறப்போனவள், அவன் பின்னால் வரவில்லை என்று திரும்பினாள். சுருளி டீக்கடை ஓரமாக நின்று போனைக் காதில் வைத்திருந்தான்.

“ஆத்தா, நாந்தான். கீழ வந்துட்டேன்… அவ எங்கூடத்தான் இருக்கா. கேளு. அடுத்த வாரம் தேனி ஆசுபத்திரிக்குப் போறோம். டெஸ்ட்டு எடுக்கணும்.” போனை மறுகாதுக்கு மாற்றினான். “அவளுக்கில்ல ஆத்தா. எனக்கு. எனக்குத்தான்.”

அந்தப் பக்கம் ஜக்கம்மாள் சத்தம் போடத் தொடங்கியது பொற்கொடி நின்ற இடம் வரை கேட்டது. ஒப்பாரி மாதிரி, வசவு மாதிரி. சுருளி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு, சத்தத்துக்கு நடுவில் மெதுவாகச் சொன்னான். “மாசியில எந்தப் பேச்சும் எடுக்காத ஆத்தா. நான் ஒத்துக்கிற மாட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

கண்டக்டர் விசில் அடித்தார். இருவரும் ஓடிப்போய் ஏறினார்கள். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவளை உட்கார வைத்துவிட்டு அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். பொற்கொடி நெஞ்சு லேசாகும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. வீட்டில் என்ன நடக்கும், டெஸ்ட்டுக் காகிதத்தில் என்ன வரும், இன்றோ நாளையோ கண்ணுக்குத் தெரியாமல் அவளுக்குள் புறப்பட்டு வருகிற அது, தனக்கு விதித்த ஒருநாளுக்குள் யாரையாவது சந்திக்குமா சந்திக்காதா, எதுவும் தெரியாது. கை தானாக அடிவயிற்றின் மேல் போயிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

“உங்கள விட்டுட்டுப் போகமாட்டேன்” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

பஸ்சின் இரைச்சலில் அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. “என்ன புள்ள?” என்று அவன் குனிந்தான். அவள் மறுபடியும், இந்த முறை சத்தமாக, சொன்னாள்.